எளிதும் எளிமையும்

வாழ்க்கைப் பணிகளை எளிதாக்கும் கருவிகள் காலந்தோறும் நம் இல்லங்களுக்குள் வந்துகொண்டே இருக்கின்றன. அம்மி இருந்த இடத்திற்கு மிக்ஸி வந்தது. கிணற்றுக் கயிறு இருந்த இடத்திற்கு மின்மோட்டார் வந்தது. இவை ஒவ்வொன்றும் ஒரு வேலையை மட்டும் நம் கையிலிருந்து வாங்கிக்கொண்டன. கைப்பேசியோ கடிகாரம், நாள்காட்டி, பணப்பை, வங்கி, பயணச்சீட்டு, கைவிளக்கு, அகராதி ஆகிய அனைத்துமாகி நம் கையிலேயே நிற்கிறது.

1995ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதலமைச்சர் ஜோதிபாசு, டில்லியிலிருந்த மத்தியத் தகவல் தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். இந்நாட்டின் முதல் கைப்பேசி உரையாடல் அதுவே. அழைப்பைப் பெறுபவரும் கட்டணம் செலுத்த வேண்டியிருந்த அந்நாளில் செல்வர் கையில் மட்டும் இருந்த அக்கருவி, இன்று கோயில் வாயிலில் பூ விற்கும் அம்மையாரின் கூடையிலும் இருக்கிறது. இதனால் விளைந்த நன்மைகள் பல; அவற்றை மறுப்பதற்கில்லை.

எனினும், இல்லறத்தாராகிய நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய வினா ஒன்று உண்டு. வாழ்க்கை எளிதாவதும் வாழ்க்கை எளிமையாவதும் ஒன்றுதானா? ஒரு செயலுக்கு வேண்டிய முயற்சி குறைந்தால் அது எளிதாகிறது. நமக்கு வேண்டியவை குறைந்தால் நம் வாழ்வு எளிமையாகிறது. சொற்கள் இரண்டும் உடன்பிறந்தவைபோல் தோன்றினும், அவை எப்போதும் ஒரே வழியில் செல்வதில்லை. இதனை நமக்கு உணர்த்தியவர் திருத்தணியில் வாழும் நம் அத்தையார்.

திருத்தணியில் நாம் செய்த உதவி

அத்தையார் வந்தவாசி வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். ஆசிரியப் பணியின்பொருட்டுத் திருத்தணிப் பகுதிக்குச் சென்று, ஓய்வு பெற்ற பின்னரும் அவ்வூரிலேயே தங்கிவிட்டார். கணவரை இழந்து தனியே வாழ்கிறார். வயது எழுபதைக் கடந்துவிட்டது. பிள்ளைகள் தொலைவில் இருப்பதால், சென்னையிலுள்ள நாமே அவ்வப்போது சென்று பார்த்து வருகிறோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருக்குப் பெரிய திரையுடைய கைப்பேசி ஒன்றை வாங்கிச் சென்றோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அமர்ந்து அவருடைய பணிகள் எல்லாவற்றையும் அதனுள் அடக்கினோம். மின்கட்டணம் நம் கணக்கிலிருந்தே செலுத்தப்படும். எரிவாயு உருளைக்கு நாமே பதிவு செய்துவிடுவோம். மருந்தும் காய்கறியும் வீட்டு வாயிலுக்கு வந்துவிடும். ஓய்வூதியர்க்குரிய உயிர்வாழ்ச் சான்றுக்காக ஆண்டுதோறும் சார்நிலைக் கருவூலத்திற்குச் சென்று காத்திருக்கவும் வேண்டியதில்லை. 2014ஆம் ஆண்டு நவம்பரில் மத்திய அரசு தொடங்கிய ஜீவன் பிரமாண் திட்டத்தில், 2021 முதல் முகத்தைக் கைப்பேசிக்குக் காட்டியே சான்று பெறும் வசதியும் உண்டு. அதனையும் முடித்துக் கொடுத்துவிட்டு, பெரியதொரு தொண்டு செய்த மனநிறைவுடன் இல்லம் திரும்பினோம்.

நான்கு திங்கள் கழித்துச் சென்றபோது அத்தையாரின் நடை தளர்ந்திருந்தது. பேச்சும் குறைந்திருந்தது. உடலுக்கு ஏதேனும் குறையோ என்று வினவினோம். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, பின்னர்க் கூறினார்: "தம்பி, என் வேலைகளை எல்லாம் எளிதாக்கிவிட்டீர்கள். காலையில் எழுந்தால் எங்கே போவது என்றுதான் தெரியவில்லை."

அவர் கூறியதன் பொருள் பின்னரே நமக்கு விளங்கிற்று. மின்கட்டண வரிசையில் நிற்கும்போது பழைய மாணவர் யாரேனும் வந்து வணங்குவர். காய்கறிக் கடையில் அண்டை வீட்டார் நலம் உசாவுவர். கருவூலத்துத் திண்ணையில் உடன் பணியாற்றியோரைக் காணலாம். இவ்வாண்டு யார் வந்தனர், யார் வரவில்லை என்று அறியலாம். நாம் துன்பம் என்று கருதி நீக்கியவற்றுள் அவருடைய உறவுகளும் அடங்கியிருந்தன. அவரைக் கேளாமலேயே அவற்றை நீக்கிவிட்டோம். பிறரை வருத்தக் கூடாது என்ற எண்ணத்துடன் செய்த செயலும், அவர் உள்ளம் அறியாது செய்யப்பட்டால் வருத்தமாகவே முடிகிறது.

சுமையும் காவடியும்

அன்று மாலை அத்தையாருடன் மலையடிவாரம் வரை நடந்தோம். திருத்தணி மலைமேலுள்ள முருகன் கோயிலுக்கு 365 படிகள் உண்டு. ஆண்டின் நாட்களைக் குறிப்பன அவை என்பர். வாகனங்கள் செல்ல மலைப்பாதையும் இருக்கிறது. ஆடிக் கிருத்திகையில் காவடி எடுக்கும் அன்பர்கள் பெருங்கூட்டமாக வருகின்றனர். நம் வழிபாடு வேறாயினும், அவ்வூரில் வாழ்வோர்க்கு அக்காட்சி கற்பிக்கும் பாடம் பொதுவானது.

முழங்கால் நோயுள்ள முதியவர் வண்டியில் மலையேறுவதை எவரும் குறை கூறுவதில்லை. படியேறும் வழியில் ஒருவர் தூக்கிச் செல்லும் துணிமூட்டையை மற்றொருவர் வாங்கிக்கொண்டால் அஃது உதவி. ஆனால், காவடி எடுத்தவரிடம் சென்று, "உமக்குக் களைப்பாக இருக்குமே, உமது காவடியை நான் வண்டியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறேன்" என்று எவரும் கூறுவதில்லை. மூட்டை சுமை, காவடி அவர் தாமே ஏற்றுக்கொண்ட நோன்பு. தோளில் இருப்பதனால் மட்டும் இரண்டும் ஒன்றாகிவிடா.

நம் அன்றாடப் பணிகளும் இவ்வாறே இருவகைப்படும். சான்றிதழுக்காக வெயிலில் நின்று மயங்குவது சுமை. அதனைக் கைப்பேசி இறக்கி வைக்கட்டும். கிருத்திகை நாளில் திருத்தணி நிலையத்துச் சீட்டு வரிசையில் நின்று வண்டியைத் தவறவிடுவதும் சுமையே. 2015இல் சென்னைப் புறநகர் வண்டிகளுக்கு வந்த யு.டி.எஸ். செயலியும், 2025 ஜூலையில் ரயில்வே துறை வெளியிட்ட ரயில்ஒன் செயலியும் அச்சுமையைக் குறைக்கவே தோன்றின. ஆனால், நோயுற்ற உறவினரைச் சென்று காண்பதும், பிள்ளைக்குத் தாமே கணக்குச் சொல்லிக் கொடுப்பதும் நம் தோளில் நாமே ஏற்றுக்கொண்டவை. இவற்றையும் ஒரு பொத்தானிடம் ஒப்படைத்துவிட்டால், பின்னர் நம்மிடம் எஞ்சுவது யாது?

அத்தையார் தம் பணிக்காலத்து நிகழ்ச்சி ஒன்றைக் கூறினார். திருத்தணி 1960ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாளில்தான் ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்துடன் இணைந்தது. நகரி அண்மையிலேயே இருக்கிறது. எனவே, வீட்டில் தெலுங்கு பேசும் குழந்தைகள் பலர் அவருடைய வகுப்பில் இருந்தனர். கழித்தல் கணக்கில் கடன் வாங்குவதை அவர்களுக்கு விளக்க இயலாமல், அத்தையார் தெலுங்கு கற்கத் தொடங்கினார். அக்குழந்தைகளின் தாய்மாரே அவருக்கு ஆசிரியர் ஆயினர்.

கூகுள் நிறுவனத்தின் மொழிபெயர்ப்பு வசதியில் 2011 ஜூன் முதல் தமிழும் தெலுங்கும் உள்ளன. எல்லை கடந்து மருத்துவமனைக்குச் செல்லும் ஒருவர்க்கு அது பெருந்துணை என்பதில் ஐயமில்லை. அத்தையாரோ, "அன்றே அது என் கையில் இருந்திருந்தால் கணக்கை விளக்கியிருப்பேன், தெலுங்கு கற்றிருக்க மாட்டேன். அந்தத் தாய்மார் எனக்குத் தோழியரும் ஆகியிருக்க மாட்டார்கள்" என்றார். வழிப்போக்கனுக்குச் சுமையாக உள்ள மொழி, அங்கேயே வாழ்பவர்க்கு உறவாகிறது. ஆதலின், எது சுமை, எது காவடி என்பதனை அவரவரே முடிவு செய்தல் வேண்டும்.

எளிது யாருக்கு?

ஒருவர்க்கு எளிதாவது மற்றொருவர்க்குத் துன்பமாகின்றதா என்பதும் ஆராயத்தக்கது. கிருத்திகை நாளொன்றில் மலையடிவாரத்தில் ஓர் அம்மையாரிடம் 40 ரூபாய்க்குப் பூ வாங்கினோம். அவருடைய அட்டையிலிருந்த குறியீட்டைக் கைப்பேசியில் காட்டி, பணம் அனுப்பும் பொத்தானை அழுத்திவிட்டு நடந்தோம். கூட்டமிகுதியால் தொடர்பு மெதுவாக இருந்தது. பணம் சென்றதா என்று நின்று பார்க்கவில்லை. இரவில் கணக்கைப் பார்த்தபோது அந்த 40 ரூபாய் செல்லாமல் நம்மிடமே திரும்பியிருந்தது தெரிந்தது. மறுநாள் தேடிச் சென்று கொடுத்தோம். "நேற்று இப்படி நாலைந்து பேர் போய்விட்டார்கள், யாரென்று நான் எங்கே தேடுவேன்?" என்றார் அவர்.

யு.பி.ஐ. எனப்படும் இம்முறை 2016ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் 2,000 கோடி பரிமாற்றங்களைக் கடந்தது. சில்லறை இல்லையென்ற சச்சரவு ஓய்ந்தது. சிறு வணிகர்க்குக் கள்ள நோட்டு அச்சமும் குறைந்தது. இவை சிறந்த பயன்கள். ஆயினும், காசைக் கையில் வைத்துக் கொடுக்கும்போது, கொடுத்தோமா இல்லையா என்ற ஐயம் எழுவதில்லை. பொத்தானை அழுத்தியதும் கடமை முடிந்தது என்று உள்ளம் கருதிவிடுகிறது. பிறர் பொருளைக் கவர வேண்டும் என்ற எண்ணம் நமக்கு இருந்ததில்லை. ஆனால், அந்த அம்மையாரின் 40 ரூபாய் ஓரிரவு நம்மிடம் இருந்தது. கள்ளாமை நோன்பு பூண்டவர், பணம் வந்து சேர்ந்ததென்று விற்பவர் கூறும்வரை சற்று நின்றால் என்ன குறைந்துவிடும்?

ஒரு செயல் எளிதாகும்போது, அதனைச் செய்யலாமா என்று எண்ணும் இடைவெளியும் சுருங்கிவிடுகிறது. இதன் கொடிய விளைவை நம் பகுதியே கண்டிருக்கிறது. 2018ஆம் ஆண்டு மே மாதம், குழந்தை கடத்துவோர் திரிகின்றனர் என்ற பொய்ச்செய்திகள் கைப்பேசிகளில் கைமாறிப் பரவின. போளூரை அடுத்த அத்திமூரில், உறவினருடன் கோயிலுக்குச் சென்றுகொண்டிருந்த மூதாட்டி ஒருவர் அவ்வையத்தினாலேயே ஒரு கும்பலால் அடித்துக் கொல்லப்பட்டார். குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்ததே அவர் செய்த செயல். அதே மாதத்தில் திருவள்ளூர் மாவட்டத்துப் பழவேற்காட்டிலும் ஒருவர் உயிரிழந்தார். நாட்டின் பிற பகுதிகளிலும் இத்தகைய கொலைகள் நிகழவே, ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப இயலாதவாறு அவ்வாண்டு ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் வரம்பிட்டது.

அச்செய்தியை அனுப்பியவருள் பெரும்பாலோர் தம்மைக் கொலைக்கு உடந்தையானவராகக் கருதியிரார். குழந்தைகளைக் காக்க எண்ணியே அனுப்பியிருப்பர். எறும்பையும் மிதிக்காது நடக்கக் கற்பிக்கப்பட்ட நாம், விரல் நுனியால் செய்யும் செயலிலும் அவ்வளவு விழிப்புடன் இருக்கின்றோமா? ஒரு நிறுவனம் வெளியிலிருந்து இட்ட வரம்பு ஐந்து. உண்மை அறியாத செய்திக்கு நாமே இட்டுக்கொள்ளத்தக்க வரம்பு ஒன்றுகூட இல்லை என்பதே.

மிச்சமான நேரம் எங்கே?

செயலிகளால் நேரம் மிச்சமாகிறது என்கிறோம். மின்கட்டணத்தில் ஒரு மணி, வங்கியில் ஒரு மணி, சீட்டு வரிசையில் அரை மணி எனச் சேர்த்தால், திங்களுக்குப் பல மணி நேரம் நமக்குக் கிடைத்திருக்க வேண்டும். அந்நேரம் எங்கே சென்றது? இதற்கு விடையும் கைப்பேசியிலேயே இருக்கிறது. 2018 முதல் ஆண்ட்ராய்டு, ஐபோன் ஆகிய இருவகைக் கருவிகளிலும், ஒரு நாளில் எந்தச் செயலியில் எவ்வளவு நேரம் செலவிட்டோம் என்று காட்டும் கணக்கு உண்டு. நம் கணக்கை முதன்முறை பார்த்த நாளில் நாம் வெட்கமடைந்தோம். மிச்சப்படுத்திய நேரத்தை, மிச்சப்படுத்திக் கொடுத்த கருவியே திரும்ப வாங்கிக்கொண்டிருந்தது.

அருங்கலச்செப்பு முதலிய நம் இல்லற நூல்கள் குணவிரதங்களுள் ஒன்றாக அனர்த்த தண்ட விரதத்தைக் கூறுகின்றன. பயனின்றி நிலத்தைக் கிளறுதல், நீரைச் சிந்துதல், செடிகொடிகளை முறித்தல், தீய கதைகளைக் கேட்டல் முதலியவற்றை விடுவதே அவ்விரதம். தேவைக்காகச் செய்யும் செயலில் சிறு தீங்கு நேர்வதை இல்லறத்தார் முற்றும் தவிர்க்க இயலாது. தேவையே இல்லாது செய்யும் செயலை விடுவதற்கு எந்தத் தடையும் இல்லை. வேலை முடிந்த பின்னரும் விரல் திரையைத் தள்ளிக்கொண்டே இருப்பது, இக்காலத்து அனர்த்த தண்டம் என்றே கருதுகிறோம்.

அக்கருவியை நல்வழிக்குத் திருப்பவும் இயலும். சாமாயிகத்தில் அமரும்போது, தொந்தரவு செய்ய வேண்டாம் என்னும் வசதியை இரு நாழிகைக்கு, அதாவது 48 நிமிடங்களுக்கு இயக்கி, கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிடலாம். அட்டமி, சதுர்த்தசி நாட்களை முன்னாளே நினைவூட்டுமாறு செய்யலாம். இரவுண்ணாமை மேற்கொண்டோர்க்கு ஞாயிறு மறையும் வேளை நாள்தோறும் மாறுவது ஓர் இடர். திருத்தணிப் பகுதியில் நவம்பர் இறுதியில் ஏறத்தாழ மாலை 5.40 மணிக்கும், ஜூலைத் தொடக்கத்தில் ஏறத்தாழ 6.40 மணிக்கும் கதிரவன் மறைகின்றது. அன்றன்றைய வேளையைக் கைப்பேசி பிழையின்றிக் காட்டும். எனினும், அது வேளையை அறிவிக்குமேயன்றி, நமக்காக உணவை மறுக்காது. கையை எடுக்க வேண்டியவர் நாமே.

அளவு காண்போம்

ஒருமுறை நுகர்ந்ததும் தீர்வது போகம்; மீண்டும் மீண்டும் நுகரப்படுவது உபபோகம். இரண்டிற்கும் அளவு வரையறுத்துக்கொள்ளுமாறு முன்னோர் கூறினர். ஆடைக்கும் அணிக்கும் அளவு கண்ட குடும்பங்கள், கைப்பேசிக்கும் செயலிக்கும் அளவு காண்பது அரிதன்று. நன்கு இயங்கும் கருவியைப் புதிய வடிவத்தின்பொருட்டு மாற்றும் முன், அதன் மின்கலத்தையும் எண்ணுவோமாக. அதற்கு வேண்டிய கோபால்ட்டில் பாதிக்கு மேல் ஆப்பிரிக்காவின் காங்கோ சனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது. அங்குள்ள சிறு சுரங்கங்களில் சிறுவரும் உழைப்பதை 2016இல் ஆம்னஸ்டி அமைப்பின் அறிக்கை வெளிப்படுத்தியது. ஒரு கைப்பேசியை மேலும் இரண்டு ஆண்டுகள் வைத்திருப்பதும் கொல்லாமையின் சிறு கிளையேயாகும்.

இனி, அத்தையார் என்ன செய்தார் என்று கூறி முடிக்கின்றோம். அடுத்த முறை சென்றபோது நாம் அவரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டோம். உயிர்வாழ்ச் சான்றைக் கைப்பேசியிலேயே வைத்துக்கொண்டார். வெயிலில் நிற்க இயலவில்லை என்றார். மருந்து வேளைக்கு மணியொலி, மருந்துப் பட்டையிலுள்ள சிற்றெழுத்தைப் பெரிதாக்கிக் காட்டும் வசதி, ஞாயிறு மறையும் வேளை, ஆபத்தில் அழைக்க 112, பண மோசடி நேர்ந்தால் அழைக்க 1930 ஆகியவற்றையும் வைத்துக்கொண்டார். மின்கட்டணமும் காய்கறியும் தமக்கே வேண்டும் என்று திரும்பப் பெற்றுக்கொண்டார். கருவூலத்தில் சந்தித்த தோழியரைக் காண, திங்களுக்கு ஒரு நாள் ஒருவர் இல்லத்தில் கூடுவது என்று அவர்களே முடிவு செய்துள்ளனர். அந்நாளைக் கைப்பேசி நினைவூட்டுகிறது.

நம் பங்காக அவர் கேட்டது ஒன்றே. "பில்லெல்லாம் நான் கட்டிக்கொள்கிறேன். நீங்கள் மாதம் ஒருமுறை நேரில் வாருங்கள்" என்றார். மிச்சமான நேரத்தை எங்கே செலவிடுவது என்ற நம் வினாவிற்கு அதுவே விடையாயிற்று. அதன்பின் பெரும்பாலும் தவறாது சென்று வருகிறோம். தவறிய திங்கள் இரண்டு உண்டு என்பதையும் மறைக்க விரும்பவில்லை.

வாசக அன்பர்களே! உங்கள் இல்லத்திலும் இத்தகைய முதியவர் ஒருவர் இருப்பார். அவருக்குச் செயலி ஒன்றைக் கற்பிக்கும் முன்னர், எந்த வேலை அவருக்குச் சுமை, எந்த வேலை அவர் விரும்பி ஏற்றது என்று ஒருமுறை கேளுங்கள். அவ்வினாவை உங்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள். கருவி நம் வேலையை எளிதாக்கட்டும். வாழ்வை எளிமையாக்கும் பணியை நாமே மேற்கொள்வோமாக.